குச்சியில் ஐஸ்கிரீமுக்குப் பதில் கேரட்: காய்கறியை 'ஸ்டார்' ஆக்கிய பிரிட்டன் அமைச்சர் வூல்டன் பிரபு யார்?

பள்ளி விட்டு வரும் குழந்தையிடம் ஒரு கையில் சிப்ஸ் பாக்கெட், இன்னொரு கையில் கேரட் துண்டுகள் நிறைந்த டப்பா என்று நீட்டினால் எதை எடுக்கும்? இதற்குப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் தேவையில்லை. எல்லா அம்மா அப்பாவுக்கும் பதில் தெரியும்.

சிப்ஸுக்கு விளம்பரம் இருக்கு. பளபளக்கும் கவர் இருக்கு. கார்ட்டூன் இருக்கு. ஆனால் கேரட்டுக்காகப் பேச யார் இருக்கா?

ஒரு காலத்தில் ஒருவர் இருந்தார். கேரட்டுக்குக் கண்ணாடியும் தொப்பியும் மாட்டி, கையில் ஒரு டாக்டர் பையைக் கொடுத்து, நாடு முழுக்க போஸ்டர் ஒட்டிய அமைச்சர் அவர். அவர் பொறுப்பில் இருந்த காலத்தில், ஐஸ்கிரீம் கிடைக்காத பிரிட்டன் குழந்தைகள் குச்சியில் செருகிய கேரட்டை வாங்கிக் கடித்தார்கள். 2-ம் உலகப் போர்க் கால பிரிட்டனின் உணவு அமைச்சரான அவர் பெயர் வூல்டன் பிரபு.

யார் இந்த வூல்டன்? காய்கறியை எப்படி மக்களிடம் விற்றார்? அந்த வெற்றி போருக்குப் பிறகும் நிலைத்ததா? விரிவாகப் பார்க்கலாம்.

சேணம் தைப்பவரின் மகன்

வூல்டன் என்பது அவருடைய இயற்பெயர் இல்லை. ஃபிரெட்ரிக் ஜேம்ஸ் மார்க்விஸ் என்பதுதான் பெற்றோர் வைத்த பெயர். 1883 ஆகஸ்ட் 23-ம் தேதி, மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. பிற்காலத்தில் 'பிரபு' பட்டம் வாங்கியவர் என்றாலும், பரம்பரைச் சொத்தோ அரண்மனையோ கிடையாது. சாதாரண உழைக்கும் குடும்பம்தான்.

படிப்பில் கெட்டிக்காரர். மான்செஸ்டர் கிராமர் பள்ளி, பிறகு மான்செஸ்டர் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகத்திலேயே தங்கி சமூகவியல் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. பர்ன்லி நகரப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தார்.

அங்கிருந்து அவர் போன இடம் லிவர்பூல். துறைமுகத்தை ஒட்டிய ஏழைக் குடியிருப்புப் பகுதியில், டேவிட் லூயிஸ் கிளப் என்ற சமூக சேவை மையத்தின் பொறுப்பாளர் ஆனார். கூலி வேலை கிடைத்தால் சோறு, கிடைக்காவிட்டால் பட்டினி என்று வாழ்ந்த மக்கள் நடுவே அவரும் குடியிருந்தார். மனிதர்கள் சாப்பாடு இல்லாமல் சாவதை அங்கேதான் பக்கத்திலிருந்து பார்த்தார்.

சத்தில்லாத சாப்பாடு குழந்தைகளை என்ன செய்யும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தெருவில் பார்த்துத் தெரிந்துகொண்டார். பின்னாளில் அமைச்சராக அவர் எடுத்த பல முடிவுகளுக்கு விதை விழுந்தது இங்கேதான்.

சமூக சேவகர், கடை முதலாளி ஆன கதை

முதல் உலகப் போரின்போது உடல் தகுதி காரணமாக அவரால் ராணுவத்தில் சேர முடியவில்லை. அரசுப் பணியில் சேர்ந்து தோல், பூட்ஸ் விநியோகத்தைக் கவனித்தார். எந்தப் பொருள் எங்கே தட்டுப்பாடு, எவ்வளவு உற்பத்தி செய்வது, யாருக்கு எவ்வளவு பிரித்துக் கொடுப்பது என்ற கணக்கு அவருக்கு அப்போதே பழகிவிட்டது.

போர் முடிந்த பிறகு அவர் சேர்ந்த இடம் லூயிஸ் நிறுவனம். லிவர்பூல், மான்செஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற நகரங்களில் பல மாடிக் கடைகள் நடத்தி வந்த நிறுவனம் அது. குண்டூசி முதல் கோட் சூட் வரை ஒரே கூரையின் கீழே கிடைக்கும். பெரும்பாலும் நடுத்தர, உழைக்கும் குடும்பங்கள் வரும் கடை.

இங்கே அவர் கற்றுக்கொண்டது விற்பனைக் கலை. கடைக்கு வரும் குடும்பத் தலைவி எதைப் பார்த்தால் நிற்பார், எதைக் கேட்டால் வாங்குவார், எங்கே முகம் சுளிப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆனது. 1928-ல் இயக்குநர், 1936-ல் தலைவர். நடுவே 1935-ல் 'சர்' பட்டமும் வந்தது.

1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது, இனி எங்கள் கடைகளில் ஜெர்மனி சரக்கு கிடையாது என்று அறிவித்தார். அன்றைய பிரிட்டன் அரசு ஹிட்லரோடு சமாதானமாகப் போக முயன்றுகொண்டிருந்த நேரம் அது. அரசுத் தரப்பிலிருந்து கண்டனம் வந்தது. இவர் முடிவை மாற்றவில்லை.

1939-ல் பிரபு பட்டம். லிவர்பூலின் புறநகரான வூல்டன் பெயரையே தன் பட்டப் பெயராக எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஃபிரெட் மார்க்விஸ், வூல்டன் பிரபு ஆனார்.

அமைச்சர் பதவி வந்தது எப்படி?

1940 ஏப்ரல். பிரதமர் நெவில் சேம்பர்லின், வூல்டனை உணவு அமைச்சர் ஆக்கினார். அப்போது அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. தேர்தலில் நின்றதும் இல்லை. அடுத்த மாதமே சேம்பர்லின் பதவி விலகி, வின்ஸ்டன் சர்ச்சில் பிரதமரானார். வூல்டன் அதே பொறுப்பில் தொடர்ந்தார்.

பிரிட்டனின் நிலைமை அப்போது எப்படி இருந்தது தெரியுமா? போருக்கு முன்பு அந்த நாடு ஆண்டுக்கு சுமார் 2 கோடி டன் உணவை வெளிநாடுகளில் இருந்து கப்பலில் இறக்கிக்கொண்டிருந்தது. கோதுமை, சர்க்கரை, இறைச்சி, பழம், பாலாடைக்கட்டி எல்லாமே கடல் வழியாகத்தான் வர வேண்டும். அந்தக் கப்பல்களைத்தான் ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் தேடித் தேடி மூழ்கடித்தன. குண்டு போடாமலேயே பட்டினி போட்டு பிரிட்டனைப் பணிய வைக்கலாம் என்பது எதிரியின் கணக்கு.

1940 ஜனவரி 8-ம் தேதியே ரேஷன் தொடங்கிவிட்டது. முதலில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை. பிறகு மற்ற இறைச்சி, டீத்தூள், பாலாடைக்கட்டி என்று பட்டியல் நீண்டது. ஒருவருக்கு வாரத்துக்கு சர்க்கரை சுமார் 225 கிராம். டீத்தூள் சுமார் 57 கிராம். முட்டை வாரத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம்.

வாழைப்பழ இறக்குமதி 1940 நவம்பரில் நிறுத்தப்பட்டது. வெங்காயம் வந்துகொண்டிருந்த பிரெஞ்சுக் கடலோரப் பகுதி ஜெர்மனி கைக்குப் போனதால், வெங்காயம் கிடைப்பதே அபூர்வமாகி, குலுக்கல் போட்டிகளில் பரிசாகக் கொடுக்கும் அளவுக்குப் போனது.

வாயைக் கட்டச் சொன்னால் மக்கள் கேட்பார்களா?

இங்கேதான் கடைக்காரர் மூளை வேலை செய்தது. இது இல்லை, அது இல்லை என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தால் மக்கள் வெறுத்துப் போவார்கள். இருப்பதை நல்ல சரக்காகக் காட்டி விற்க வேண்டும். இதுதான் வூல்டனின் வழி.

சரி, இருந்தது என்ன? மண்ணில் விளைந்த காய்கறி. பிரிட்டன் விவசாய அமைச்சகம் 1939 அக்டோபரிலேயே வீட்டுத் தோட்டப் பிரசாரத்தைத் தொடங்கியிருந்தது. பூங்கா, விளையாட்டு மைதானம், ரயில் தண்டவாள ஓரம், வீட்டுக் கொல்லை என்று எங்கே மண் தெரிந்தாலும் உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோஸும் முளைத்தன. விளைய வைப்பது விவசாய அமைச்சகம் வேலை. அதைச் சாப்பிட வைப்பது வூல்டன் வேலை. இரண்டாவது வேலைதான் கஷ்டம்.

அவருக்குப் பக்கபலமாக இருந்தவர் ஜாக் டிரம்மண்ட் என்ற உயிர்வேதியியல் அறிஞர். உணவு அமைச்சகத்தின் அறிவியல் ஆலோசகர். இது வெறும் தட்டுப்பாட்டைச் சமாளிக்கும் வேலை இல்லை, ஒரு நாட்டின் சாப்பாட்டையே சத்தானதாக மாற்றக் கிடைத்த வாய்ப்பு என்று நினைத்தவர் அவர். கேம்பிரிட்ஜில் எல்சி விடோசன், ராபர்ட் மெக்கன்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போன்றவற்றை முக்கியமாக வைத்த சிக்கன உணவைத் தாங்களே சாப்பிட்டு, மலையேறி, சைக்கிள் மிதித்துச் சோதித்தார்கள். இதைச் சாப்பிட்டும் ஆரோக்கியமாக உழைக்க முடியும் என்று அந்தச் சோதனை காட்டியது.

அறிவியல் ரெடி. சரக்கும் ரெடி. இனி தேவை விளம்பரம்.

'டாக்டர் கேரட்' பிறந்த கதை

1941 வாக்கில் பிரிட்டன் போஸ்டர்களிலும் பத்திரிகைகளிலும் இரண்டு புது ஹீரோக்கள் வந்தார்கள். ஒருவர் 'பொட்டேட்டோ பீட்'. உருளைக்கிழங்குக்குக் கை கால் முளைத்த உருவம். இன்னொருவர் 'டாக்டர் கேரட்'. தலையில் உயரமான தொப்பி, கண்ணில் கண்ணாடி, கையில் வைட்டமின் ஏ என்று எழுதிய பை. குழந்தைகளின் நண்பர் என்றுதான் போஸ்டர்கள் இவரை அறிமுகப்படுத்தின.

அமெரிக்காவில் இருந்த வால்ட் டிஸ்னி நிறுவனத்தின் ஓவியர் ஹாங்க் போர்ட்டர், கேரட்டுக்கு ஒரு குடும்பத்தையே வரைந்து கொடுத்தார். கேரட்டி ஜார்ஜ், பாப் கேரட், கிளாரா கேரட் என்று ஆளுக்கொரு பெயர். இன்றைக்கு சிப்ஸ் பாக்கெட்டில் கார்ட்டூன் போட்டு விற்கிறார்களே, அதே உத்தியை 80 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசாங்கம் கேரட்டுக்குப் பயன்படுத்தியது.

கேரட் மேல் ஏன் இவ்வளவு பாசம்? காரணம் இரண்டு. ஒன்று, விளைச்சல் அமோகம். 1942-ல் சுமார் 1 லட்சம் டன் கேரட் உபரியாகக் கையில் நின்றது. இரண்டு, கேரட்டில் இயற்கையான இனிப்பு இருக்கிறது. சர்க்கரைக்கு ரேஷன் இருந்த நாட்டில் இனிப்புக்கு ஏங்கும் குழந்தைகளுக்கு அதைவிடப் பொருத்தமான காய் எது?

1942 ஜூலையில் மிட்டாய், சாக்லேட்டுக்கும் ரேஷன் வந்தது. அதே ஆண்டு ஐஸ்கிரீம் தயாரிப்புக்கும் தடை. அந்த இடத்தை நிரப்ப முயன்றது கேரட். ஐஸ் குச்சி போலக் குச்சியில் செருகி விற்றார்கள். கேரட் ஜாம், கேரட் கேக், கேரட் மிட்டாய், கேரட்டும் ஸ்வீட் என்ற கிழங்கும் பிழிந்த 'கேரலேட்' பானம் என்று அமைச்சகம் விதவிதமான சமையல் குறிப்புகளை வெளியிட்டது. எல்லாமே ருசியாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் முயற்சி செய்ய ஏதோ ஒன்று இருந்தது.

காலை 8.15 மணிக்கு ரேடியோவில் சமையல்

போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதுமா? போதாது என்பது வூல்டனுக்குத் தெரியும். சமையலறையில் நிற்கும் பெண்ணிடம் நேரடியாகப் பேச வேண்டும்.

1940 ஜூனில் பிபிசி ரேடியோவில் 'தி கிச்சன் ஃப்ரண்ட்' நிகழ்ச்சி தொடங்கியது. காலை 8.15 மணி. ஐந்தே நிமிடம். கடைக்குக் கிளம்பும் முன்பு, இன்றைக்கு மார்க்கெட்டில் எது மலிவு, அதை வைத்து என்ன சமைக்கலாம் என்று கேட்டுவிட்டுப் போகலாம். கெர்ட், டெய்சி என்ற பெயரில் நகைச்சுவை செய்துகொண்டிருந்த வாட்டர்ஸ் சகோதரிகளும் இதில் பேசினார்கள். பாடம் நடத்தும் தொனி இல்லை. பக்கத்து வீட்டு அக்காக்கள் அரட்டை அடிக்கிற மாதிரி இருக்கும். சினிமா தியேட்டரில் குட்டிக் குட்டி விளம்பரப் படங்கள், பத்திரிகைகளில் வாராந்திர சமையல் குறிப்பு என்று எங்கே திரும்பினாலும் உணவு அமைச்சகம்தான்.

வூல்டனும் அடிக்கடி ரேடியோவில் வந்தார். எந்தப் பொருள் ஏன் குறைகிறது, எந்தக் கப்பல் வழி அடைபட்டிருக்கிறது என்று காரணத்தை விளக்கிச் சொல்லும் பழக்கம் அவருக்கு. கசப்பான செய்தியையும் அவர் சொன்னால் மக்கள் கேட்டுக்கொண்டார்கள். 'ஃபிரெட் மாமா' என்று செல்லமாக அழைக்கவும் ஆரம்பித்தார்கள்.

வூல்டன் பை: இறைச்சி இல்லாத பிரபலம்

அவர் பெயர் இன்றுவரை நிற்பதற்கு ஒரு பலகாரமும் காரணம். லண்டன் சவாய் ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் ஃபிரான்சுவா லாட்ரி உருவாக்கியது 'வூல்டன் பை'. உருளைக்கிழங்கு, காலிஃபிளவர், கேரட், ஸ்வீட் கிழங்கு, வெங்காயத் தாள், ஓட்ஸ் எல்லாம் சேர்த்து வேகவைத்து, மேலே உருளைக்கிழங்கு அல்லது கோதுமை மாவு மூடி போட்டுச் சுடுவார்கள். துளி இறைச்சி கிடையாது. 1941 ஏப்ரலில் லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் செய்முறை வந்தது.

பணக்காரர்கள் சாப்பிடும் ஹோட்டலில் இருந்து வந்த பண்டம் என்பதால் சாதாரண வீட்டிலும் அதற்கு ஒரு மதிப்பு கிடைக்கும் என்பதுதான் கணக்கு. இறைச்சிக்குப் பழகிய நாக்குகள் இதைக் கிண்டல் செய்தன என்பதும் உண்மை. விளம்பரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ருசி இல்லை என்றால் ஜோக் ஆகிவிடும் என்பதற்கு வூல்டன் பை ஒரு நல்ல உதாரணம்.

1942-ல் வந்த 'நேஷனல் லோஃப்' ரொட்டிக்கும் இதே கதி. தவிட்டின் சத்தை அதிகம் வைத்திருந்த, நிறம் மங்கிய ரொட்டி. உடம்புக்கு நல்லதுதான், ஆனால் வெள்ளை ரொட்டியை மறக்க மக்களுக்கு மனசு வரவில்லை.

ஃபேக்ட் செக்: கேரட் சாப்பிட்டால் இருட்டில் கண் தெரியுமா?

இன்றைக்கும் உலகம் முழுக்க வீடுகளில் சொல்லப்படும் ஒரு விஷயம், கேரட் சாப்பிட்டால் கண் பார்வை கூர்மையாகும் என்பது. இந்த நம்பிக்கை இவ்வளவு தூரம் பரவியதில் அந்தப் போர்க் காலத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நடந்தது என்ன? ஜெர்மனி விமானங்கள் இரவில்தான் குண்டு போட வந்தன. 1940 நவம்பரில் தொடங்கி, ஜான் கன்னிங்ஹாம் என்ற பிரிட்டன் விமானி இரவு நேரத்தில் எதிரி விமானங்களை வரிசையாகச் சுட்டு வீழ்த்தினார். 'பூனைக் கண்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. உண்மைக் காரணம் அவர் விமானத்தில் இருந்த ரேடார் கருவி. அதை வெளியே சொல்ல முடியாது. அதனால், விமானிகள் நிறைய கேரட் சாப்பிடுகிறார்கள் என்ற கதை பத்திரிகைகளில் உலவ விடப்பட்டது. இந்தக் கதையை ஜெர்மனி நம்பியதா என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் பிரிட்டன் மக்கள் நம்பினார்கள்.

நகரங்களில் இரவு விளக்கே எரியக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்த காலம். இருட்டில் தடுமாறி விழாமல் நடக்க கேரட் சாப்பிடுங்கள் என்று உணவு அமைச்சகத்தின் விளம்பரங்களும் பேசின.

இதில் எவ்வளவு உண்மை? கேரட்டில் பீட்டா கரோட்டின் இருக்கிறது. உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் நோய் வரும் என்பது மருத்துவ உண்மை. ஆகவே குறைபாடு உள்ளவர் சாப்பிட்டால் பலன் உண்டு. ஆனால் உடலில் வைட்டமின் ஏ போதுமான அளவு இருப்பவர் கூடை கூடையாகக் கேரட் தின்றாலும் பூனைக் கண் வராது. கண்ணாடியைக் கழற்றவும் முடியாது.

கேரட் நல்லது என்பது உண்மை. அந்த உண்மையோடு ஒரு பொய்யும் சேர்ந்து விற்பனையானது. 80 ஆண்டுகள் ஆகியும் அந்தப் பொய்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆரோக்கிய உணவு என்ற பெயரில் விற்கும் எதற்கும் இந்த ஆபத்து உண்டு.

விளம்பரம் மட்டும்தான் காரணமா?

இல்லை. இது முக்கியமான பாயின்ட்.

1940 ஜூலையில் தேசியப் பால் திட்டம் வந்தது. கர்ப்பிணிகளுக்கும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் தினமும் சுமார் அரை லிட்டர் பால், மலிவு விலையில். வாங்க முடியாத ஏழைகளுக்கு இலவசம். 1941 டிசம்பரில் குழந்தைகளுக்கு மீன் எண்ணெயும் பழச்சாறும் தரும் வைட்டமின் திட்டம். பள்ளி மதிய உணவு விரிவாக்கப்பட்டது. குறைந்த விலையில் சூடான சாப்பாடு தரும் 'பிரிட்டிஷ் ரெஸ்டாரன்ட்' என்ற பொது உணவகங்கள் 1943-ல் 2,000-க்கும் மேல் இருந்தன. கள்ளச் சந்தைக்காரர்களுக்கு சிறைத் தண்டனை வரை சட்டம் கடுமையாக்கப்பட்டது.

அதாவது, நல்ல உணவைச் சாப்பிடுங்கள் என்று சொன்னதோடு நிற்கவில்லை. நல்ல உணவு கையில் கிடைக்கவும், கட்டுப்படியாகும் விலையில் இருக்கவும் ஏற்பாடு நடந்தது. பிரிட்டனில் குழந்தை இறப்பு விகிதம் போரின் ஆரம்ப ஆண்டுகளில் உயர்ந்தாலும், 1944-ல் போருக்கு முந்தைய நிலையைவிடக் கீழே இறங்கியது. குண்டு விழும் நாட்டில் இது நடந்தது என்பதுதான் ஆச்சரியம்.

அதே 1943-ல் வங்காளத்தில்...

இந்தக் கதையை பிரிட்டனோடு மட்டும் முடித்துவிட முடியாது. பிரிட்டன் குழந்தைகளுக்குப் பாலும் கேரட்டும் உறுதி செய்யப்பட்ட அதே 1943-ல், அதே பேரரசின் ஆட்சியில் இருந்த வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியது. 20 லட்சம் முதல் 30 லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

இந்தியாவுக்குத் தானியம் அனுப்பக் கப்பல் ஒதுக்கும் கேள்வி லண்டன் போர் அமைச்சரவைக்கு வந்தது. கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது, அதுவும் தாமதமாக. இது வூல்டன் தனியாக எடுத்த முடிவு இல்லை. ஆனால் பிரிட்டனின் உணவுக் கையிருப்பைக் குறையாமல் காப்பது அவருடைய அமைச்சகத்தின் வேலை. லிவர்பூல் குடியிருப்பில் பட்டினியைப் பார்த்து உருகிய மனிதர் அங்கம் வகித்த அரசு, கல்கத்தா தெருக்களில் விழுந்த உயிர்களைக் காப்பாற்றவில்லை. வூல்டனின் சாதனையைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ரேஷன் போட்டவரே ரேஷனுக்கு எதிராக...

1943 நவம்பரில் வூல்டன் உணவுத் துறையை விட்டு, போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக்கான அமைச்சர் ஆனார். 1945 தேர்தலில் சர்ச்சில் தோற்றார். ஜெயிக்கும் கட்சியில் சேர்பவர்களைப் பார்த்திருப்போம். இவர் தோற்ற பிறகு கன்சர்வேட்டிவ் கட்சியில் சேர்ந்தார்! 1946 முதல் 1955 வரை கட்சித் தலைமையகத்தின் தலைவராக இருந்து, நிதி திரட்டி, கிளைகளைச் சீரமைத்து, கட்சியை மீண்டும் ஆட்சிக்குக் கொண்டு வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இதில் ஒரு முரண் இருக்கு. அந்தக் கட்சியின் முக்கியப் பிரசாரமே தொழிலாளர் கட்சி அரசின் ரேஷன், கட்டுப்பாடுகளுக்கு எதிரானது. நாட்டுக்கே அளந்து போட்டவர், அளப்பதை நிறுத்துவோம் என்ற பிரசாரத்தை முன்னின்று நடத்தினார்.

சரி, டாக்டர் கேரட் வளர்த்த குழந்தைகள் என்ன செய்தார்கள்? 1949 ஏப்ரலில் மிட்டாய்க்கு ரேஷனை நீக்கினார்கள். கடைகளில் அப்படி ஒரு கூட்டம். சரக்கு தீர்ந்துபோய், ஆகஸ்டில் மறுபடியும் ரேஷன் போட வேண்டியதாயிற்று! 1953 பிப்ரவரியில், வூல்டன் அமைச்சராக இருந்த சர்ச்சில் ஆட்சியில்தான் மிட்டாய் முழுமையாக விடுதலை ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில் சர்க்கரை ரேஷனும் முடிந்தது. குச்சிக் கேரட்டை யாரும் தேடவில்லை.

1956-ல் 'ஏர்ல்' என்ற உயர்ந்த பட்டம் வூல்டனுக்குக் கிடைத்தது. 1959-ல் நினைவுக் குறிப்புகளை வெளியிட்டார். 1964 டிசம்பர் 14-ம் தேதி, தனது 81-வது வயதில் சசெக்ஸில் காலமானார்.

2024-ல் வந்த ஆச்சரிய முடிவு

வூல்டன் இறந்து 60 ஆண்டுகள் கழித்து, 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. பிரிட்டனில் சர்க்கரை ரேஷன் முடிந்த 1953-க்கு முன்னும் பின்னும் பிறந்தவர்களை ஒப்பிட்டது அந்த ஆய்வு. தாயின் கருவிலும் முதல் இரண்டு ஆண்டுகளிலும் ரேஷன் அளவுக்குள் வளர்ந்தவர்களுக்கு, பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரை நோய் வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும், உயர் ரத்த அழுத்தம் வரும் அபாயம் சுமார் 20 சதவீதமும் குறைவு என்று தெரியவந்தது.

யாரும் அவர்களை உடல்நலத்துக்காக டயட்டில் வைக்கவில்லை. சர்க்கரை குறைவாகக் கிடைத்தது, அவ்வளவுதான். அதன் பலன் 50, 60 வயதில் தெரிந்தது.

இன்றைக்கு இதில் என்ன பாடம்?

வூல்டனின் உத்தி இப்போதும் வேறு வடிவங்களில் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2010-ல் அமெரிக்காவின் போல்ட்ஹவுஸ் பண்ணை நிறுவனம், பேபி கேரட்டை சிப்ஸ் போன்ற பாக்கெட்டில் அடைத்து, ஜங்க் ஃபுட் மாதிரியே விளம்பரம் செய்து, பள்ளிகளில் தானியங்கி இயந்திரத்தில் வைத்து விற்றுப் பார்த்தது. அப்போது அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் முன்பு கோகோ கோலாவில் உயர் பதவி வகித்தவர். 2019-ல் பிரிட்டனில் ஐடிவி தொலைக்காட்சியும் வெஜ் பவர் அமைப்பும் சேர்ந்து, காய்கறிகளை வில்லன்களாகக் காட்டி, கடித்துத் தின்று தோற்கடியுங்கள் என்று குழந்தைகளை உசுப்பேற்றும் விளம்பரத்தைக் கொண்டு வந்தன.

இதிலிருந்தெல்லாம் தெரிய வரும் விஷயங்கள் மூன்று.

முதலாவது, உடம்புக்கு நல்லது என்று மட்டும் சொன்னால் குழந்தைகளிடம் எடுபடாது. ஜாலியாக இருக்க வேண்டும். டாக்டர் கேரட் ஜெயித்தது தொப்பியாலும் கண்ணாடியாலும்தான்.

இரண்டாவது, கைக்கு எட்டும் இடத்தில், கட்டுப்படியாகும் விலையில், சாப்பிடத் தோன்றும் ருசியில் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வூல்டன் பை கதைதான்.

மூன்றாவது, பலருக்குப் பிடிக்காத உண்மை. டாக்டர் கேரட் எதிரியே இல்லாத மைதானத்தில் விளையாடினார். மிட்டாய்க்கு ரேஷன், ஐஸ்கிரீமுக்குத் தடை. எதிரி திரும்பி வந்ததும் நான்கே மாதத்தில் மிட்டாய்க் கடைகள் காலியாகின. சிப்ஸும் சாக்லேட்டும் வீட்டு அலமாரியிலும் பள்ளி வாசலிலும் எப்போதும் தயாராக இருக்கும்போது, கேரட்டுக்கு எவ்வளவு அழகாகக் கார்ட்டூன் வரைந்தாலும் அது பாதிக் கிணறுதான். நம் வீடுகளில் இன்று ரேஷன் அட்டை போட யாரும் வரப்போவதில்லை. எந்தப் பாக்கெட் வீட்டுக்குள் வரலாம், எது வாரத்துக்கு ஒருமுறை போதும் என்று முடிவு செய்யும் உணவு அமைச்சர் வேலை, இப்போது மளிகைப் பட்டியல் எழுதும் பெற்றோர் கையில்தான் இருக்கிறது.